கண்ணாடிப் பெட்டிக்குள் பாதிக் கொறங்காடு

1

அக்காவின் திதி இந்த வருஷமும் மழையில்தான் வந்தது. இந்த மலாய் நாட்டில் மழைக்கென்று தனியாக ஒரு காலம் கிடையாது. மத்தியானமானால் ரப்பர் மரங்களுக்கு மேலே இருட்டிக்கொண்டு வரும். தகரக் கூரையின் சத்தத்தில் வீட்டுக்குள் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. பிறகு ஒன்றுமே நடக்காதது போல வெயில் அடிக்கும்.

இலை போட்டு, வடையும் பாயசமும் வைத்து, என் வீட்டுக்காரர் விழுந்து கும்பிட்டார். சரசு ஒவ்வொரு வருஷமும் கேட்பது போல இந்த வருஷமும் கேட்டாள்.

"இது யாருக்குங்கப்பா?"

"பெரியவங்களுக்குக் கண்ணு."

அக்கா சாகும்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது. இப்போது நான் அவளைவிடப் பெரியவள். கூடப் பிறந்த மூத்தவளைத் தாண்டி வயதாவது எப்படி இருக்கும் என்று கேட்டால், அவள் நின்றுவிட்ட வழியில் அவளை விட்டுவிட்டு நடப்பது போல இருக்கும். திரும்பிப் பார்க்கவும் பயம், பார்க்காமல் போகவும் மனசு வராது.

ஊரிலிருந்து வருகிறவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் ஒரே மாதிரிதான். இங்கே அரிசி என்ன விலை, பாம்பு உண்டா, வெள்ளைக்காரத் துரைமார் அடிப்பார்களா. அதையெல்லாம் பலபேர் எழுதிவிட்டார்கள். நான் யாரும் கேட்காத ஒன்றை எழுதுகிறேன். எங்கள் வீட்டில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் காடு வைத்த கதை இது.

2

எங்களுக்குத் தாராபுரத்துக்குத் தெற்கே ஒரு கிராமம். அக்கா ராமாத்தாளை இந்தத் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணிக்குக் கட்டிக் கொடுத்தார்கள். சரசு இங்கேதான் பிறந்தாள். அவளுக்கு இரண்டு வயது நிறையும் முன்பே அக்கா மலைக்காய்ச்சலில் போய்விட்டாள்.

அப்போது நான் கோயமுத்தூரில் வாத்தியாரம்மா படிப்புக்குச் சேர்ந்து ஆறேழு மாசம் ஆகியிருந்தது. எங்கள் ஊரில் எட்டாவது தாண்டிய முதல் பெண் நான்தான். அப்பா விடுதிக்கு வந்து, வாசலில் நின்றபடியே, "குழந்தைக்கு வேற யாரு இருக்கறா அம்மணி" என்றார். நான் உள்ளே போய்ப் பெட்டியைக் கட்டினேன். மச்சான் ஊருக்கு வந்து என்னைத் தாலி கட்டிக் கூட்டிக்கொண்டு கப்பல் ஏறினார். அதுவரை மச்சான் என்று கூப்பிட்டவரை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு வரை நான் அவரைக் கூப்பிடவே இல்லை. அதற்குப் பிறகு 'ஏனுங்க' ஆயிற்று.

வந்த முதல் நாள், துணி துவைக்கும் ஓடைக்கரையில் ஒரு மலாய்க்கார அம்மாள் என்னைப் பார்த்து வீட்டைக் கைகாட்டி, "காக்கா மாத்தி, காக்கா மாத்தி" என்றாள். காக்காயை மாற்றுவதா என்று நான் மரத்தை அண்ணாந்து பார்த்தேன். அவள் அழுதுவிட்டாள். காக்கா என்றால் அவர்கள் பேச்சில் அக்கா, மாத்தி என்றால் செத்துப்போவது என்று ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

வீடு அக்காவின் உயரத்துக்கு இருந்தது. அவள் என்னைவிட நெட்டை. சமையலறையில் கரண்டி மாட்டும் ஆணி, உறி தொங்கும் கொக்கி, சாமி படம் எல்லாமே எனக்கு எட்டாது. முக்காலி போட்டு ஏறித்தான் எடுப்பேன். ஓர் ஆணியைப் பிடுங்கிக் கீழே அடிக்க எவ்வளவு நேரம் ஆகும். ஆனாலும் இன்றுவரை நான் அடிக்கவில்லை. அவரும் அடித்துத் தரவில்லை.

சரசுவிடம் அக்காவைப் பற்றிச் சொல்லக் கூடாது என்பது அவர் முடிவு. "சொன்னா புள்ள ரெண்டா ஒடஞ்சு போயிரும்" என்றார். அக்காவின் பெயர் இந்த வீட்டில் பிறகு வரவே இல்லை. பெயர் வராத இடத்தில் ஆள் எவ்வளவு பெரிதாக இருக்க முடியும் என்பதை இங்கே வந்துதான் தெரிந்துகொண்டேன்.

3

சரசு தோட்டத்து லாரியில் ஏறி டவுனுக்குப் போய் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். நான் 'ஊடு' என்றால், "வீடுன்னு சொல்லுங்கம்மா, லாரியில எல்லாரும் சிரிக்கறாங்க" என்பாள். ஆனால் கோபம் வந்தால் அவளுக்கும் 'ஊடு'தான் வரும். எண்ணிக்கை சொல்வது இங்கிலீஷில். கடைக்காரனோடு பேசுவது மலாயில். என்னோடு மட்டும்தான் தமிழ். அதுவும் வருஷத்துக்கு வருஷம் சுருங்கிக்கொண்டே வருகிறது.

திதி கழிந்த வாரத்தில் ஒரு நாள் வந்து, "பள்ளிக்கூடத்துல கண்காட்சி வெக்கறாங்கம்மா. கண்ணாடிப் பெட்டிக்குள்ள மண்ணுப் போட்டுச் செடி வெச்சு, பின்னால மலையெல்லாம் செஞ்சு கொண்டாரணும்" என்றாள்.

"கண்ணாடிப் பெட்டிக்கு எங்க போறது?"

"நம்ம ஊட்டுக்குக் கீழயே ஒண்ணு கெடக்குதே."

இங்கே கிராணி வீடுகள் தரையிலிருந்து ஆள் குனிந்து நுழையும் உயரத்துக்குக் கட்டைக்கால்கள் மேல் நிற்கும். கீழே விறகும் உடைந்த சாமான்களும் கிடக்கும். அதற்குள் கிழிந்த சாக்கைப் போர்த்திக்கொண்டு ஒரு பெட்டி இருந்தது. முன்பிருந்த துரைசாணி பெரணிச் செடி வளர்த்த பெட்டியாம். ரப்பர் விலை விழுந்து அவர்கள் சீமைக்குத் திரும்பியபோது கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நான்கு பக்கத்தில் மூன்றில் கண்ணாடி. பின்பக்கம் பலகை.

வெளிச்சத்துக்கு இழுத்துச் சாக்கை உருவினேன். பலகையில் மண் பூசியிருந்தது. சும்மா பூசியதல்ல, உருவங்கள் பிடித்துப் பூசியது. இடது ஓரத்தில் கல்லால் ஆன தண்ணீர்த் தொட்டி, அதன் பக்கத்தில் இரண்டு செம்மறி ஆடுகள். அதைத் தாண்டிக் குடை போல விரிந்து, ஒரு பக்கம் சாய்ந்த வெள்வேல மரம். கீழே ஈர்க்குச்சியால் கீறிக் கீறிச் செய்த கொழுக்கட்டைப்புல். மேலே நெடுக ஓடும் கிளுவை வேலி.

கோயமுத்தூர் ஜில்லாவின் கிழக்குப் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு இது புரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். உழவுக்கு ஆகாத செம்மண் நிலத்தைச் சுற்றிக் கிளுவை நட்டு, ஆடுமாடுகளை உள்ளே விட்டுவிடுவோம். அந்த மேய்ச்சல் நிலத்துக்குக் கொறங்காடு என்று பெயர். இது எந்தக் கொறங்காடோ அல்ல. சாய்ந்த மரமும் மூலை உடைந்த தொட்டியுமாக எங்கள் அப்பாவின் கொறங்காடே அது.

வேலியில் ஆள் நுழையும் சந்து ஒன்று உண்டு, கடவு என்போம். பலகையில் வேலை அந்தக் கடவு வரை வந்து நின்றுவிட்டது. அதற்கு அந்தப் பக்கம் பாதிப் பலகை வெறும் மரமாக இருந்தது.

யார் செய்தது என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முதுகுக்குப் பின்னால் யாரோ வந்து நிற்பது போல இருந்தது. நான் உடனே திரும்பவில்லை.

திரும்பியபோது அவர்தான் நின்றார்.

"எடுத்த எடத்துலயே வெச்சுரு."

"ஏனுங்கப்பா?" என்றாள் சரசு.

"பூரான் இருக்கும்."

"நான் பாத்துட்டேங்க. ஒண்ணும் இல்ல."

அவர் ஆபீசுக்குத் திரும்பிப் போனார். குடையை எடுத்துக்கொள்ளவில்லை.

4

நான் அதைத் திரும்ப வைக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் சொல்லி நான் கேட்காதது அதுதான் முதல்.

கண்ணாடியைச் சாம்பல் போட்டுத் துடைத்தோம். ஓரங்களில் கண்ணாடியைப் பிடித்திருந்து இற்றுப்போன சுண்ணாம்புப் பட்டியைச் சுரண்டிவிட்டு, தோட்டத்துத் தச்சரிடம் புதிதாக வாங்கி அடைத்தோம். அடியில் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும் என்று கூழாங்கல், அதன் மேல் அடுப்புக்கரி, அதன் மேல் இலை மக்கிய மண் என்று சரசு பள்ளிக்கூடத்தில் கேட்டுவந்து சொன்னாள்.

ஊரிலிருந்து கொழுக்கட்டைப்புல் விதை கொண்டுவர முடிந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். அந்த நேரம் பார்த்து அவருடைய பங்காளி ஒருவர் புதிதாக இங்கே வந்திருந்தார். அவர் வேட்டியிலும் சாக்குப்பையின் தையலிலும் புல்லின் பஞ்சு விதை ஒட்டிக்கொண்டே வந்திருந்தது. எங்கள் பக்கத்துப் புல் அப்படித்தான், ஆளை விடாது. பொறுக்கி எடுத்துத் தகர டப்பாவில் முளைக்கப் போட்டோம். ஒன்றும் முளைக்கவில்லை. கப்பல் தளத்தில் வருகிறவர்களைப் பினாங்குக்குப் பக்கத்துத் தீவில் இறக்கி, நோய் பரவாமலிருக்க மூட்டை முடிச்சையெல்லாம் ஆவியில் வேகவைத்துத்தான் விடுவார்கள். என் கல்யாணப் புடவையே அங்கே சாயம் போயிற்று. விதை மட்டும் எப்படிப் பிழைக்கும்.

பங்காளி சிரித்தார். "தீவுல ஒரு உத்தியோகஸ்தரு இதென்னன்னு கேட்டாருங்க. புல்லுங்கன்னேன். புல்லு இல்லாத ஊருக்கா போறேன்னு கேட்டாரு."

மீதிப் பலகையை நான்தான் செய்தாக வேண்டும். அதைப் பெட்டியிலிருந்து கழற்றித் தரையில் போட்டுக்கொண்டேன். கரையான் புற்று மண்ணைச் சலித்து, தேங்காய் நாரை நறுக்கிப் போட்டு, கஞ்சித் தண்ணீர் விட்டுப் பிசைந்தேன். அக்காவும் அப்படித்தான் செய்திருக்க வேண்டும். அவள் மண்ணில் உடைந்த இடத்தில் நார் தெரிந்தது. கடவிலிருந்து வேலியைத் தொடர்ந்தேன். இரண்டு நாள் முயன்றும் வரவில்லை. ஒட்டினால் உதிர்ந்தது. நின்றது எல்லாம் அவளுடையதைப் பார்த்துக் காப்பி அடித்தது போல இருந்தது.

சரசு முழங்காலைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பக்கம் செஞ்சவங்க நல்லா அழுத்திச் செஞ்சிருக்காங்கம்மா. நீங்க பயந்து பயந்து செய்யறீங்க."

"அப்புடியா."

"யாருங்கம்மா செஞ்சது?"

"முன்னால இருந்தவங்க."

"துரைசாணியா? துரைசாணிக்கு நம்ம ஊரு ஆடு எப்புடித் தெரியும்?"

நான் கையில் இருந்த மண்ணை மறுபடி பிசையத் தொடங்கினேன். அவளும் அதற்குமேல் கேட்கவில்லை. கேட்காமல் விட்டது எனக்கு ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். அப்போது நிம்மதியாகத்தான் இருந்தது.

5

மறுநாள் காலையிலேயே மழை பிடித்துக்கொண்டது. மழையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டு கிடையாது, ஆபீசிலும் வேலை இல்லை. சரசு பள்ளிக்கூடம் போயிருந்தாள். அவர் சமையலறை வாசலுக்கு வந்து நின்றார். தரையில் பலகை கிடந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்தார். கையை நீட்டி, தொடாமல், மடியில் வைத்துக்கொண்டார்.

"காய்ச்சல் விட்ட நாள்ல எல்லாம் இதைத்தான் செஞ்சுட்டு இருந்தா" என்றார்.

இத்தனை வருஷத்தில் அவர் அக்காவைப் பற்றிப் பேசிய முதல் வார்த்தை அது.

"பாதியில நிறுத்தீட்டா. மீதியையும் முடிச்சுப்போடுன்னு சொன்னேன். வேண்டாங்க, மீதியைச் செல்லா வந்து செய்வா, அப்புடின்னா."

செல்லா என்பது நான்தான்.

"நான் வாரதா அப்ப யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல."

"நான் கோயமுத்தூருல படிச்சுட்டு இருந்தேன்."

"அவளுக்குத் தெரியும். உங்கப்பன் உன்னைத்தான் அனுப்புவாருன்னு அவளே சொன்னா. புள்ளைக்குத் தலை சீவறப்ப செல்லா கை பதமா இருக்கும்னும் சொன்னா. எனக்குத் தாங்கல. இப்படியெல்லாம் பேசாதேன்னு இந்தப் பெட்டியைத் தூக்கிக் கீழ தள்ளீட்டு வந்தேன். அப்புறம் அவ அதைக் கேக்கவே இல்ல. நாலஞ்சு நாள்தான் இருந்தா."

கூரையில் மழை இரைந்துகொண்டிருந்தது. நான் எழுந்து அடுப்படிக்குப் போனேன். தண்ணீர் குடிக்க முக்காலியைத் தேடினேன், எதற்கு என்று தெரியவில்லை. தண்ணீர்ப்பானை தரையில்தான் இருந்தது.

எனக்கு வந்தது துக்கம் என்று எழுதினால் பொய். கோபம்தான் வந்தது. நான் விடுதியில் பலகணி ஓரம் உட்கார்ந்து தேசப்படம் வரையப் பழகிக்கொண்டிருந்த நாட்களில், கடலுக்கு இந்தப் பக்கம் ஒருத்தி படுக்கையில் இருந்தபடி என் வாழ்க்கைக்கு இடம் விட்டு மண் பூசிக்கொண்டிருந்திருக்கிறாள். என்னைக் கேட்கவில்லை. அப்பாவும் கேட்கவில்லை. அப்பா வாசலில் வந்து நிற்பதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. செத்தவளோடு சண்டை போட முடியாது. அவள் கையால் மாவு இடித்த உரலில்தான் நான் தினமும் இடிக்கிறேன். யாரைப் பார்த்து என்ன கேட்பது.

மழை விட்டதும் பலகை முன் உட்கார்ந்தேன். நான் ஒட்டியிருந்த வேலியை மொத்தமாகச் சுரண்டி எடுத்தேன். கடவுக்கு அந்தப் பக்கம் கொறங்காடு வேண்டாம் என்று முடிவு செய்தேன். அக்கா பார்த்திராத இடம் ஒன்று எனக்கு இருந்தது.

இந்தத் தடவை நன்றாக அழுத்திப் பூசினேன். முதலில் மேற்கே நீளமாக மலைத்தொடரை எழுப்பினேன். சாயங்காலம் விடுதியின் பலகணியில் நின்றால் அது நீலமாகத் தெரியும். அதன் கீழே பஞ்சாலைப் புகைக்கூண்டு ஒன்று. புளியமர வரிசைக்கு நடுவே சாலை. சாலையில் ஜட்கா வண்டி. கடைசியில் இரும்புக் கதவு போட்ட ஒரு வாசல். வாசலில் ஆள் யாரையும் வைக்கவில்லை. எங்கள் கொறங்காட்டுக் கடவு நேராகக் கோயமுத்தூர்ச் சாலையில் திறந்தது. நடுவில் உள்ள நாற்பது ஐம்பது மைல் ஒரு விரல் அகலத்தில் முடிந்துபோயிற்று.

அவர் சாயங்காலம் வந்து குனிந்து பார்த்தார்.

"இது எந்த ஊரு?"

"நான் இருந்த ஊருங்க."

பலகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு, "அங்க என்ன படிச்சே?" என்றார்.

என்னைக் கட்டிக்கொண்டு வந்த இத்தனை காலத்தில் அவர் கேட்காத கேள்வி. நான் சொன்னேன். கணக்கு, பூகோளம், பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் முறை, கரும்பலகையில் கை மறைக்காமல் எழுதுவது. அவர் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். இருட்டும் வரை சொல்லிக்கொண்டிருந்தேன்.

மண் காய்ந்ததும் அவரே ஒரு யோசனை சொன்னார். பெட்டிக்குள் ஈரம் இருந்துகொண்டே இருக்கும், மண் கரைந்துவிடும் என்று ஒரு குவளை ரப்பர்ப் பால் கொண்டுவந்து, கோழி இறகால் பலகை முழுதும் தடவினார். ஆடு, மரம், வேலி, மலை, சாலை எல்லாம் ஒரே வெள்ளையாக மறைந்துபோயின. போயிற்று என்று நினைத்தேன். மறுநாள் பால் காய்ந்து கண்ணாடி போலானது. அடியிலிருந்து இரண்டு ஊரும் மெல்ல வெளியே வந்தன.

6

பலகையைத் திரும்பப் பெட்டியில் பொருத்தியதும், செடிகள் சரசுவின் பொறுப்பு. கால்வாய் ஓரத்திலும் ரப்பர் மர வேரிலும் அலைந்து பாசியும் பெரணியும் கொண்டுவந்தாள். பெரணியை அவள் "பாக்கு" என்றாள். பாக்கு மரத்தில் அல்லவா காய்க்கும் என்றேன். "மலாயில பாக்குதாங்கம்மா இது" என்று என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டாள். மூங்கில் குச்சியால் குழி பறித்து, ஒவ்வொன்றாக இறக்கி, ஈரத் துணியால் கண்ணாடியைத் துடைத்தாள். வேலை பார்க்கும்போது கீழுதட்டைக் கடித்துக்கொள்கிறாள். அக்காவும் அப்படித்தான் கடிப்பாள். நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் அன்று முழுக்கப் பார்த்தேன்.

பெட்டி முடிந்தது. வெள்வேல மரத்தடியில் மலாய்க் காட்டுப் பெரணி, கோயமுத்தூர்ச் சாலையோரம் பச்சைப் பாசி. அவரும் வந்து உட்கார்ந்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

"சரசு, யாரு செஞ்சதுன்னு கேட்டியே. இந்தப் பக்கம் நான் செஞ்சது. அந்தப் பக்கம் எங்கக்கா செஞ்சது. ராமாத்தான்னு பேரு. உன்னைப் பெத்தது அவதான் கண்ணு."

அவள் கண்ணாடியைத் துடைத்த துணியை மடித்தாள். மறுபடி பிரித்து மடித்தாள்.

"எனக்குத் தெரியுங்கம்மா."

"யாரு சொன்னா?"

"புள்ளைக் கொட்டகையில தோட்டத்துப் புள்ளைகளப் பாத்துக்கற குப்பாயி. நான் பள்ளிக்கூடம் போறதுக்கு முன்னாலயே."

"அப்புறம் ஏங்கண்ணு ஒருநாளும் கேக்கலே?"

"கேட்டா நீங்க படிக்கறதுக்குத் திரும்பிப் போயிருவீங்கன்னுதான். படிப்பை விட்டுட்டு வந்தவங்கன்னும் குப்பாயி சொன்னாங்க."

எங்கள் மூன்று பேரில் சின்னவள்தான் அந்தப் பெயரை யாருக்கும் தெரியாமல் தனியாகச் சுமந்திருக்கிறாள். அவளை இழுத்து மடியில் உட்காரவைத்தேன். மடியில் உட்காரும் வயது தாண்டிவிட்டது, கால் தரையில் கிடந்தது. அப்படியே இருந்தாள். "எங்கயும் போகமாட்டேன்" என்றேன். பயந்துகொண்டு சொன்னதல்ல.

கொஞ்ச நேரம் கழித்து அவள் அப்பாவிடம் கேட்டாள்.

"சின்னதுல நான் அவங்கள என்னன்னுங்கப்பா கூப்பிடுவேன்?"

அவர் பெட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஆத்தான்னு சொல்ல உனக்கு வராது. தாத்து, தாத்துன்னு கூப்பிடுவே. ஊடு பூராக் கூப்பிட்டுட்டே அவ பின்னால போவே."

சரசு என் மடியிலிருந்து எழுந்து பெட்டியின் முன்னால் மண்டியிட்டாள். மூச்சுப் பட்டுக் கண்ணாடி புகைந்தது. அது தெளியும்வரை காத்திருந்தாள். பிறகு வாயைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்து, யாரோ தூங்குகிறவர்களை எழுப்புவது போல, மெதுவாக ஒருமுறை கூப்பிட்டாள்.

"தாத்து."

அவரும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அங்கிருந்து அக்கா பதில் குரல் கொடுப்பாள் என்பது போலச் சமையலறைப் பக்கம் காதைக் கொடுத்துக்கொண்டு, இரண்டு பேரும் அசையாமல் உட்கார்ந்திருந்தோம்.